எத்தனை பல்?

2025 நவம்பர் மாதத்தின் நடுப்பகுதியில், சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்ட செய்தி வெளியானது. அன்று மாலை பாலசமுத்திரத்துத் தேநீர்க் கடையில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. 2023ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்துக் கோப்பையைப் பெற்றுத் தந்தவரை எப்படிக் கொடுக்கலாம் என்பது ஒரு தரப்பு. முப்பத்தேழை நெருங்குபவரைக் கொடுத்து முப்பத்தொரு வயதுக்காரரை வாங்கியது நல்ல வியாபாரம் என்பது மறு தரப்பு. ஒரு காலத்தில் மாட்டுத் தரகு செய்துவந்த பெரியவர் ஒருவர் இரு தரப்பையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஆளுக்கு எத்தனை பல்லுங்க தம்பி?" என்று நம்மிடம் கேட்டார். கடை முழுவதும் சிரித்தது.

அந்தக் கேள்வியைச் சிரித்துக் கடந்துவிட முடியாது என்று பின்னர்தான் தோன்றியது. சந்தையில் மாடு பிடிப்பவர் முதலில் வாயைத் திறந்து பார்ப்பார். ஏறத்தாழ இரண்டு வயதில் முதல் இணைப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. பின்பு நான்கு, ஆறு என்று ஏறி, ஐந்து வயதை ஒட்டி எட்டுப் பல்லும் நிறைந்துவிடுகிறது. அதற்குமேல் எண்ணிப் பயனில்லை. எட்டு எட்டாகவே இருக்கும். அதன்பின் பார்க்க வேண்டியது தேய்மானத்தை. ஒரே வயதுடைய இரண்டு மாடுகளில் ஒன்றின் பல் கரைந்திருக்கும், மற்றொன்றின் பல் உறுதியாக நிற்கும். தின்ற தீனியும் இழுத்த பாரமும் வேறு வேறு. எண்ணிக்கை ஓர் எல்லைவரையில்தான் வயதைச் சொல்லும், அதற்கப்பால் தேய்மானமே சொல்லும் என்ற இந்த எளிய அறிவு, கோடிகளில் வீரர்களை வாங்கி விற்கும் அணிகளுக்கும் அவற்றை விமர்சிக்கும் நமக்கும் பல நேரங்களில் வாய்ப்பதில்லை.

கிரிக்கெட்டில் தொடங்கினாலும் நாம் பேச விரும்புவது ஹாக்கியைப் பற்றி. வயதேறிய நட்சத்திரத்தை என்ன செய்வது என்ற கேள்வி இந்திய ஹாக்கியை அலைக்கழித்த அளவுக்கு வேறு விளையாட்டை அலைக்கழித்ததாகத் தெரியவில்லை. அதன் துயரமான அத்தியாயத்தின் நாயகர் தமிழ்ப் பெற்றோருக்குப் புனேயை அடுத்த கட்கியில் பிறந்த தன்ராஜ் பிள்ளை என்பதும் ஒரு காரணம்.

தன்ராஜ் 1968 ஜூலையில் பிறந்தவர். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆடியவர். 1998இல் பாங்காக்கில் அவரது தலைமையில், 32 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்றது. வென்று திரும்பிய கையோடு அவரும் வேறு சில மூத்த வீரர்களும் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். அன்று அவருக்கு வயது முப்பது. பின்னர் மீண்டும் அழைக்கப்பட்டு, 2002இல் கொலோனில் நடந்த சாம்பியன்ஸ் டிராபியில் தொடரின் சிறந்த வீரராகத் தேர்வானார். அப்போது முப்பத்து நான்கு. மறு ஆண்டு கோலாலம்பூரில் அவரது தலைமையில் இந்தியா ஆசியக் கோப்பையை வென்றது. முப்பதில் ஓய்வு கொடுக்கப்பட்டவர் முப்பத்து நான்கில் உலகின் முன்னணி அணிகளுக்கு நடுவே சிறந்தவர் எனப் பெயர் பெற்றார் என்றால், 1998இல் தேர்வாளர்கள் பல்லை எண்ணினார்களே ஒழியத் தேய்மானத்தைப் பார்க்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

ஏதென்ஸ் 2004இன் கதை வேறு வகையானது. ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருக்கையில் பயிற்சியாளர் மாற்றப்பட்டு ஜெர்மனியைச் சேர்ந்த கெர்ஹார்ட் ராஹ் வந்தார். முப்பத்தாறு வயதான தன்ராஜ் அணியில் இருந்தார், தலைமை திலீப் திர்க்கியிடம் இருந்தது. அணி ஏழாம் இடம் பெற்றது. ஏழாம் இடத்துக்காகத் தென் கொரியாவுடன் ஆடிய கடைசி ஆட்டத்தில், அது தன்ராஜின் இறுதி ஒலிம்பிக் ஆட்டம் என்று எல்லோரும் அறிந்திருந்த நிலையில், முடிவதற்குச் சில நிமிடங்கள் இருக்கும்போதுதான் அவர் களத்துக்குள் அனுப்பப்பட்டார். அந்த நிமிடங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் எளிதில் மறந்திருக்கமாட்டார்கள்.

இதில் பயிற்சியாளரைக் குற்றவாளியாக்குவது எளிது. நமக்கு அதில் ஆர்வமில்லை. ஓர் அணியின் கணக்காகவே பார்ப்போம். ஒலிம்பிக் ஹாக்கி அணியில் பதினாறு இடங்கள்தான். களத்தில் பதினொருவர், வெளியே ஐவர். 1990களின் தொடக்கத்திலிருந்து ஹாக்கியில் ஒரு வீரர் எத்தனை முறை வேண்டுமானாலும் வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் உள்ளே போகலாம். கால்பந்தில் இல்லாத இந்த வசதி, வயதேறிய வீரருக்கென்றே அமைந்ததுபோல் உள்ளது. அன்றைய எழுபது நிமிடமும் ஓட முடியாதவரை ஐந்தைந்து நிமிடங்களாகப் பிரித்து ஆடவைக்கலாம், எதிரணி களைத்திருக்கும் நேரம் பார்த்து இறக்கலாம். அப்படிப் பயன்படுத்தும் திட்டம் இருந்தால் முப்பத்தாறு வயதுத் தன்ராஜுக்கு அந்தப் பதினாறில் ஓர் இடம் தகும். திட்டம் இல்லையென்றால் அந்த இடத்தை இளையவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். நடந்தது இரண்டும் அல்ல. அவருடைய பெயர் அணிக்கு வேண்டியிருந்தது, ஆட்டம் வேண்டியிருக்கவில்லை. அதனால் இளையவருக்கு வாய்ப்பும் போயிற்று, மூத்தவரின் மரியாதையும் போயிற்று.

மூத்த வீரரை எடுப்பதிலுள்ள இடர் அவருடைய வயதில் மட்டும் இல்லை. எந்த வேலைக்கு எடுக்கிறோம் என்று தீர்மானிக்காமல் எடுப்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. ஏதென்ஸ் நமக்குச் சொல்வது இதையே.

இதன் மறுபக்கத்தைப் பாரிஸ் 2024இல் கண்டோம். கோல்காப்பாளர் ஸ்ரீஜேஷ், தன்ராஜ் ஏதென்ஸுக்குப் போன அதே முப்பத்தாறு வயதில் பாரிஸுக்குப் போனார். அதுவே தம் கடைசித் தொடர் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார். அவருடைய வேலை என்ன என்பதில் அணிக்கோ அவருக்கோ ஐயம் இருக்கவில்லை. பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் சிவப்பு அட்டையால் ஒருவரை இழந்து, ஆட்டத்தின் பெரும்பகுதியைப் பத்துப் பேருடன் ஆடிய இந்தியா 1-1 என்று தாக்குப்பிடித்து, ஷூட் அவுட்டில் 4-2 என்று வென்றது. ஸ்பெயினை 2-1 என வென்று வெண்கலமும் பெற்றது. ஓய்வுக்குப் பின் அவர் இளையோர் அணியின் பயிற்சியாளரானார். 2025 டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் அந்த அணி வெண்கலம் வென்றது.

இந்த ஒப்பீட்டில் ஒரு நியாயக்குறைவு உண்டு என்பதை நாமே சொல்லிவிட வேண்டும். முன்கள வீரரும் கோல்காப்பாளரும் ஒரே தராசில் நிற்க மாட்டார்கள். முன்கள வீரரின் மூலதனம் முதல் நான்கடி வேகம். 1976 மாண்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியதிலிருந்து ஆட்டம் விரைவுபட்டது. 1990களின் இறுதியில் ஆஃப்சைடு விதி நீக்கப்பட்டபின் ஓட வேண்டிய பரப்பும் விரிந்தது. குனிந்த முதுகோடு அந்தத் தரையில் ஓடி நின்று திரும்பும் முழங்கால்கள் முதலில் தேய்கின்றன. கோல்காப்பாளரின் மூலதனமோ கோணங்களைப் படிக்கும் கண்ணும், முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரரை ஏவும் குரலும். அவை தாமதமாகவே தேய்கின்றன. பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் அடிப்பவர் இவ்விருவருக்கும் இடைப்பட்டவர். அவருடைய கலை சில நொடிகளில் முடிந்துவிடுவது, ஆனால் இடுப்பையும் கீழ்முதுகையும் கடுமையாகத் தின்பது. ஆக, 'முப்பத்தாறு வயது' என்ற சொல் தனியாக எதையும் சொல்லுவதில்லை. எந்த இடத்தில் ஆடும் முப்பத்தாறு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சந்தை இதை ஓரளவு அறிந்தே வைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் நடந்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில், தமிழ்நாடு டிராகன்ஸ் அணி அயர்லாந்தின் கோல்காப்பாளர் டேவிட் ஹார்ட்டை 32 லட்சத்துக்கு எடுத்தது. அவருக்கு அப்போது முப்பத்தாறு. அதே ஏலத்தில் பாரிஸில் வெள்ளி வென்ற ஜெர்மனி அணியின் இளம் கோல்காப்பாளர் டானெபெர்க் 27 லட்சத்துக்கு ஐதராபாத் அணிக்குப் போனார். அவருக்கு இருபத்திரண்டுகூட நிறையவில்லை. இளமைக்கு ஐந்து லட்சம் குறைவு. அணி ஒன்று குறுகிய தொடருக்காகக் கோல்காப்பாளரைத் தேடும்போது எதிர்காலத்துக்கு விலை கொடுப்பதில்லை, அன்றைய தேவைக்கே விலை கொடுக்கிறது. அது சரியான கணக்குத்தான்.

எனினும் ஏலத்துக்கும் பரிமாற்றத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இதை மறந்துவிட்டால் இடரை எடைபோட முடியாது. ஏலத்தில் அணி கொடுப்பது பணம். அந்த ஏலத்தில் ஆடவர் அணி ஒவ்வொன்றுக்கும் நான்கு கோடி. வாங்கியது வீணானால் அந்தப் பணம் வீண், அடுத்த ஏலத்தில் பார்த்துக்கொள்ளலாம். பரிமாற்றத்தில் கொடுப்பது மற்றொரு வீரரை. நாம் பெற்றவர் தேய்ந்துபோகும்போது, கொடுத்தவர் எதிரணியில் வளர்ந்துகொண்டிருப்பார். ஜடேஜா பரிமாற்றத்தில் ராஜஸ்தான் எடுத்த இடர் இதுதான். 18 கோடி ஊதியத்தில் இருந்த தன் தலைவரைக் கொடுத்தது. பதிலுக்குப் பெற்ற ஜடேஜாவின் ஊதியம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைக்கப்பட்டது, கூடவே 2.4 கோடியில் இருபத்தேழு வயதுச் சாம் கரனும் வந்தார். மூத்தவரின் விலை குறைந்ததும் இளையவர் ஒருவர் உடன் வந்ததும் தற்செயல் அல்ல. வாங்குபவர் தேய்மானத்துக்கு ஈடு கேட்டிருக்கிறார். சந்தையில் எட்டுப் பல் மாட்டை வாங்குகிறவர் கயிறும் மணியும் சேர்த்துக் கேட்பதைப் போல என்று அந்தப் பெரியவர் பிறகு சொன்னார். அந்தப் பரிமாற்றத்தில் யாருக்கு லாபம் என்பதைப் புள்ளிவிவரப் பிரியர்களுக்கு விட்டுவிடுவோம். அதன் அமைப்பில் ஒரு நிதானம் இருந்தது என்பதே நாம் கவனிப்பது.

நிதானம் தவறினால் விலை இரண்டு திசையில் தவறும். ஒன்று ஆசை விலை. பழைய ஆட்டங்களின் நினைவு ஏலக்காரரின் சுத்தியலைவிட உரக்கக் கேட்கும்போது கொடுப்பது அது. 2013ஆம் ஆண்டின் முதல் ஹாக்கி இந்தியா லீக் தொடருக்காக நடந்த ஏலத்தில், உத்தரப் பிரதேச அணி நெதர்லாந்தின் தியூன் தெ நோயருக்கு 66,000 டாலர் கொடுத்தது. ஐந்து ஒலிம்பிக் கண்டு, சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகிவிட்ட முப்பத்தாறு வயது வீரர். அதே ஏலத்தில் இந்திய அணியின் தலைவர் சர்தார் சிங்குக்குக் கிடைத்தது 78,000. தெ நோயர் போன்ற கலைஞர் நம் மைதானங்களில் ஆடினார் என்பதில் பார்வையாளராக நமக்கு மகிழ்ச்சியே. புதிய தொடர் ஒன்றுக்குக் கூட்டம் சேர்க்கும் பெயரும் வேண்டும். ஆனால் அது கூட்டத்துக்கான விலையா, கோலுக்கான விலையா என்பதை வாங்குபவர் தமக்குள்ளேனும் பிரித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று அடிமாட்டு விலை. வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் எவரும் கேளாமல் விடப்படுகிறவரைக் குறைந்த விலைக்கு வாங்கி, குறைந்த விலைதானே என்று வெளியே உட்காரவைப்பது. பணக்கணக்கில் இதில் இழப்பு சிறிதுதான். ஆனால் அணிக்குள் இருக்கும் இளைஞர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பதினைந்து ஆண்டு உழைத்தால் முடிவில் கிடைப்பது இது என்று அவர்கள் கற்றுக்கொள்வதன் விலை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

இரண்டுக்கும் நடுவே சரியாக அமைந்த ஓர் உதாரணமும் ஹாக்கியிலேயே இருக்கிறது. ஜெர்மனியின் மோரிட்ஸ் ஃபூர்ஸ்டே முப்பது கடந்த பின்னர், 2016 தொடருக்காக 105,000 டாலருக்குக் கலிங்கா லான்சர்ஸ் அணிக்கு வந்தார். அன்றைக்கு அது மிகப் பெரிய தொகை. அந்த ஆண்டு அணி இறுதி ஆட்டத்தில் பஞ்சாபிடம் தோற்றது. அதே ஆண்டு ரியோ ஒலிம்பிக்கோடு ஃபூர்ஸ்டே தம் நாட்டு அணியிலிருந்து விலகினார். ஆனால் 2017இல் அவரது தலைமையில் கலிங்கா லான்சர்ஸ் கோப்பையை வென்றது. அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை தெளிவாக இருந்தது: நடுக்களத்தை ஆள்வது, அணியை நடத்துவது. ஓட வேண்டிய இடத்தில் இளையவர்கள் ஓடினார்கள்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் மதிப்போடு எடைபோட வேண்டும். மூத்தவர் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு இடமும் ஓர் இளைஞர் காத்திருக்கும் இடம். ஸ்ரீஜேஷின் புகழை நாம் பாடும்போது, டோக்கியோவிலும் பாரிஸிலும் மாற்று வீரராகக் காத்திருந்த கிருஷண் பாதக்கை நினைக்க வேண்டும். கோல்காப்பாளரின் இடம் ஒன்றே ஒன்று என்பதால், ஒருவரின் நீண்ட ஆயுள் மற்றவரின் நீண்ட காத்திருப்பாகிறது. கோவில்பட்டி போன்ற ஊர்களில் விடியலுக்கு முன் மட்டையோடு மைதானத்துக்குப் போகும் பிள்ளைகளிடம், வெளிநாட்டு மூத்தவர் ஒருவருக்காக உங்கள் இடம் தள்ளிப்போகிறது என்று சொல்ல நேர்ந்தால், அதற்குத் தக்க காரணம் நம் கையில் இருக்க வேண்டும். 'அவர் பெரிய ஆள்' என்பது காரணமாகாது. 'அவரோடு இரண்டு பருவம் ஆடினால் நீ வேறு ஆட்டக்காரனாவாய்' என்பது காரணமாகும், அது உண்மையாகவும் இருந்தால். ஹாக்கி இந்தியா லீக் புத்துயிர் பெற்றபோது இருபத்து நான்கு பேர் கொண்ட ஆடவர் அணியில் நான்கு இளையோர் கட்டாயம் என்று வைத்த விதி இந்த இடத்தில் பொருள் பெறுகிறது. மூத்தவர் விலையில் பாதி அந்த நால்வருக்கான கல்விக் கட்டணம் என்று கருதினால், அவர் கோல் அடிக்காத நாளிலும் அணி நட்டப்படவில்லை.

ஆகவே, வயதேறிய நட்சத்திரத்தை வாங்க நினைக்கும் அணி நான்கு கேள்விகளுக்கு விடை சொல்லிவிட்டு வாங்கட்டும். தேய்மானம் எவ்வளவு, அது அவர் ஆடும் இடத்துக்குத் தேவையான உறுப்பிலா வேறு உறுப்பிலா? பதிலாகக் கொடுப்பது பணமா, ஆளா? நிமிடம் நிமிடமாக அவருடைய வேலை என்ன? அவர் வருகையால் காத்திருக்கப்போகும் இளைஞருக்கு என்ன கிடைக்கும்? நான்கில் மூன்றாவதற்கு விடை இல்லையென்றால், மற்ற மூன்றுக்கும் எவ்வளவு நல்ல விடை இருந்தாலும் வாங்காதிருப்பதே அணிக்கும் நல்லது, அந்த வீரருக்கும் நல்லது.

மாட்டையும் மனிதரையும் ஒப்பிட்டது சிலருக்கு உறுத்தலாம். நமக்கும் உறுத்தியது. மாட்டின் விலையைத் துண்டுக்குள் விரல்பிடித்துப் பேசி முடிப்பார்கள், மாட்டைக் கேட்பதில்லை. ஐ.பி.எல். பரிமாற்றத்துக்கு வீரரின் சம்மதம் வேண்டும் என்று விதி இருக்கிறது. அது இந்த வியாபாரத்தில் மிச்சமிருக்கும் மனிதத்தன்மை. அணிக்குத் தேர்வாகிக் கடைசி நிமிடம் வரை வெளியே உட்கார்ந்திருக்கச் சம்மதமா என்று தன்ராஜை எவரும் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது, தம் தொழிலின் வழக்கம் ஒன்றைச் சொன்னார். புதிதாக ஏருக்குப் பழக்க வேண்டிய இளங்காளைக்கு வயதான மாட்டை ஜோடியாகக் கட்டுவார்களாம். சால் எங்கே திரும்ப வேண்டும் என்பது அந்த மாட்டுக்குத் தெரியும், இளங்காளைக்கு இழுக்கும் பலம் இருக்கிறது. "அதுக்குன்னு சொல்லித்தானுங்க கெழட்டு மாட்டைக் கேட்டு வருவாங்க. சும்மா கட்டிவெச்சுத் தீனி போடறதுக்கு யாரு வாங்குவாங்க?" என்றார். பிறகு தேநீரைக் குடித்துவிட்டு, "அந்தப் புள்ளைய ஆடவிட்டிருக்கலாமுங்க" என்று தன்ராஜுக்காக வருத்தப்பட்டார்.